பெருந்துறைக்குக் கடல் வந்தது

ஒரு தட்டு. சாதாரண எவர்சில்வர் தட்டு ஒன்றை மணல்மேல் வைத்து, அதன்மேல் விழுகிற மாதிரி தண்ணீரை விட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது. கோயம்புத்தூர் வளர்ப்புமீன் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார், மணலை நன்றாக அலசுங்கள், மேலே ஒரு தட்டை வைத்து மெதுவாகத் தண்ணீரை விடுங்கள், இல்லாவிட்டால் கலங்கிப்போகும் என்று. வெள்ளியங்கிரி பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தான். வந்து என்ன செய்தான்? மணல் பையைப் பிரித்தான், சர்க்கரை கணக்காகப் பளிச்சென்று இருக்கிறதே, இதைப் போய் எதற்கு அலசுவது என்று அப்படியே கொட்டினான். டிரம்மில் கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீருக்குள் மோட்டாரை இறக்கினான், டியூபைத் தொட்டிக்குள் விட்டான், சுவிட்சைத் தட்டினான். ஊருக்கெல்லாம் மோட்டார் காயில் கட்டிக் கொடுக்கிறவன், ஆயிரம் அடி போர்வெல்லிலிருந்து தண்ணீர் தூக்குகிற மோட்டாரையெல்லாம் பிரித்து மேய்ந்தவன், மூன்றடித் தொட்டிக்குத் தண்ணீர் விடத் தட்டு வைப்பானா? வைக்க மாட்டான். அதனால் இப்போது கூடத்துச் சுவரோரம், இரும்பு ஸ்டாண்டின் மேல், தொட்டி நிறையப் பால். பார்த்துப் பார்த்து அடுக்கிய பாறைகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தால் தன் மூக்குதான் தெரிகிறது. செலின் தன் அப்பாவை அழைத்துவர ஈரோடு ஜங்ஷனுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கல்யாணம் ஆகி நாலு வருஷத்தில் முதல் தடவையாக மாமனார் இந்த வீட்டுப் படியை மிதிக்கப் போகிறார். அவர் வாயிலிருந்து தனக்கென்று ஒரு வார்த்தை வாங்கத்தான் வெள்ளியங்கிரி இந்தக் கடலையே வீட்டுக்குள் கொண்டுவந்தான், கடல் இப்படிப் பாலாக நிற்கிறது.

சமையலறையிலிருந்து அம்மா தெய்வாத்தாள் எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி. உள்ளே நாட்டுக்கோழி கொதிக்கிற வாசனை. "என்னடா சாமி, உறை ஊத்துனா தயிராயிரும்போல இருக்குது?" என்றாள். அவன் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டான். பதில் சொன்னால் பேச்சு தண்ணீருக்குப் போகும். அம்மாவுக்கு இந்தத் தொட்டிமேல் ஒரு கோபமும் இல்லை, மீன்மேல் கோபமில்லை, சம்பந்திமேல்கூடக் கோபமில்லை, தண்ணீரில்தான் அவளுக்கு மனசு ஆறவில்லை. இந்த ஊரில் மனிதர்கள் இரண்டே சாதி, நல்ல தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள், உப்புத் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள். பெண் கொடுக்க வருகிறவர்கள் பையனின் வருமானத்தைக் கேட்பதற்கு முன்னால் போர்வெல் தண்ணீரை ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துப் பார்ப்பார்கள். இவர்கள் வீட்டுப் போரில் உப்புத் தண்ணீர். துவைத்தால் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பாத்திரமெல்லாம் வெள்ளை படிந்து கிடக்கும். வாழ்நாள் முழுக்க அந்த உப்போடு மல்லுக்கட்டின அம்மா, நேற்று மகன் கேன் கேனாக நல்ல தண்ணீரை வாங்கி டிரம்மில் ஊற்றுவதையும், ஊற்றிவிட்டு அதில் மூட்டை உப்பைக் கொட்டித் துடுப்புப் போடுவதையும் நின்று பார்த்தாள்.  அப்புறம், "உப்புத் தண்ணிதான் வேணும்னா நம்ம போர்லயே வருதேடா," என்றாள். இது வேற உப்பும்மா, கடல் உப்பு என்றான். "எல்லா உப்பும் உப்புத்தானே?" என்றாள். இல்லை என்று விளக்க ஆரம்பித்தவன், தனக்கே அது சரியாகத் தெரியாது என்பது பாதி வாக்கியத்தில் புரிந்துபோய் நிறுத்திக்கொண்டான். மீன்கடையில் கண்ணாடிக் குழாய் ஒன்று கொடுத்திருந்தார்கள், தண்ணீரில் போட்டால் மிதக்கும், சிவப்புக் கோடு வரை முங்கினால் கடலுக்குச் சமம். கோடு வரை முங்கியது. அதோடு விட்டானா? விரலை விட்டு நாக்கிலும் வைத்துப் பார்த்தான். கடல் எப்படி இருக்கும் என்று அவன் நாக்குக்குத் தெரிந்தது ஒரே ஒரு தடவை, தூத்துக்குடிக் கரையில் நின்று செலினிடம் ஏதோ பேசப்போய் அலை வந்து வாயில் அடித்தபோது. அன்றைக்குத் துப்பிவிட்டான். துப்பியிருக்கக் கூடாது.

துப்பினதை மாமனார் பார்த்திருப்பாரோ? இல்லை, அவர் அப்போது கரைக்கு வரவில்லை, வீட்டில்தான் இருந்தார். பெண் கேட்கப் போன நாள் அது. மாமனார் கஸ்பார் வாசல் பக்கத்து அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அகலமான மார்பு, நரைத்த மீசை, சிவந்த கண். சங்கு எடுக்கக் கடலுக்கடியில் முங்கி முங்கியே அந்தக் கண் அப்படி ஆனது என்று செலின் முன்பே சொல்லியிருந்தாள், கோபம் என்று நினைச்சுராதீங்க என்றும் சொல்லியிருந்தாள். இருந்தாலும் அந்தக் கண்ணைப் பார்த்ததும் வெள்ளியங்கிரி நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். வேலை என்ன, வீடு சொந்தமா, என்ன சாமி கும்பிடுவீங்க, எதையாவது கேட்பார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். அவர் கேட்டது ஒன்றுதான். "தம்பி, ஒங்க ஊர்ல கடல் இருக்கா?" இல்லீங்க என்றான். இல்லீங்க என்று சொல்லி வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைக்கு இந்தத் தொட்டியே வேண்டியிருந்திருக்காது. அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார், அந்தச் சும்மா இருப்பது பொறுக்காமல் இவன் வாய் தானாகத் திறந்தது. "வாய்க்கால் இருக்குதுங்க." வாய்க்கால்! அறையில் இருந்த யாரோ இருமினார்கள். அதோடாவது நின்றதா? "வருசத்துல பாதி நாள் தண்ணி வருமுங்க." இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. கடலையே ஆண்ட மனிதனிடம் போய், வாய்க்கால் இருக்குதுங்க, பாதி நாள் தண்ணி வருமுங்க. ஊர்ப் பெயர் பெருந்துறை என்றாவது சொல்லியிருக்கலாம், பெயரிலாவது ஒரு துறை இருந்தது. அவர் எழுந்தார். "கடல் இல்லாத ஊர்ல போயி எம் மவ என்ன செய்வா?" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். சாதி என்றோ கோயில் என்றோ ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, வந்திருந்தால் சண்டை போடலாம், சமாதானம் பேசலாம், கடல் இல்லை என்கிறவரிடம் என்ன பேசுவது? ரெஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அப்புறம் மகளிடம் ஃபோனில் பேசினார், சாப்பிட்டியா, மழை உண்டா, உடம்புக்கு எப்படி. மருமகன் என்று ஒருவன் இருப்பதாக அந்தப் பேச்சில் இதுவரை தகவல் இல்லை.

தகவல் இல்லாதவன் வீட்டுக்கு இப்போது ஏன் வருகிறார் என்றால், வந்தே ஆக வேண்டும். செலினின் தம்பிக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்ப முடியாது, ஃபோனில் படம் பிடித்துப் போட முடியாது, அப்பன்காரன் நேரில் வந்து தட்டில் வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். அந்த முறைக்கு ஒரு கும்பிடு என்று வெள்ளியங்கிரி நினைத்தான். போன வாரம் கஸ்பார் மகளிடம் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. "வாரேன் பிள்ள. பத்திரிகைய வச்சிட்டு, ஒரு டீய குடிச்சிட்டு, சாயங்கால வண்டிக்குக் கெளம்பிருவேன்." ஒரு டீ. அன்றிலிருந்து இவன் தலைக்குள் அந்த டீ ஆறாமல் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒரு டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணாடி டம்ளரில் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும். பெரிய எவர்சில்வர் டம்ளரில், விளிம்பு வரை, வாயில் வைக்க முடியாத சூட்டில் கொடுத்தால் கொஞ்சம் நீளும். ஆனால் அவர் சூடு பார்க்காமல் மடக்கென்று குடிக்கிற ஆளாக இருந்தால்? கடலுக்கடியில் மூச்சை அடக்குகிறவருக்கு ஒரு டம்ளர் டீ எந்த மூலைக்கு? டீக்கு முன்னால் சாப்பாடு என்று அம்மா ஒற்றைக் காலில் நிற்கிறாள், அது ஒரு தைரியம். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும், அந்த நேரத்தில் மூலையில் இந்தத் தொட்டி, நீல விளக்கு, தெளிந்த தண்ணீர், பாறை, அதற்குள் இரண்டு மீன். அவர் பார்ப்பார். பார்த்துவிட்டு எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும். இதென்ன மீன் என்று கேட்டால்கூடப் போதும், கேட்டால் இவன் பதில் சொல்வான், பதில் சொன்னால் பேச்சு. அவ்வளவுதான் அவன் போட்ட திட்டம். செலினிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கப்பா பொறந்ததுல இருந்து கடல்லயே கெடந்தவரு. அவருக்குப் போயி கடலக் காட்டுதீங்களா?" சிரித்து முடித்தபிறகு கொஞ்ச நேரம் அவன் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கலங்கல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறதே? விளக்கைப் போட்டுப் பார்த்தான். வெள்ளைப் பால் நீலப் பால் ஆனது, அவ்வளவுதான் முன்னேற்றம். அலை மோட்டாரைப் போட்டால் மேல்பக்கம் தண்ணீர் சளசளவென்று புரண்டது. அந்தச் சத்தம் மட்டும் நன்றாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் குற்றம் சொல்ல முடியாது. வருகிறவரைக் கண்ணை மூடிக்கொண்டு வரச் சொல்லலாமா? செலினைக் கூட்டிவந்ததே சத்தம்தானே. அவள் அப்போது இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலைக்கு வந்த புதிது, ஹாஸ்டல் அறையில் வைத்திருந்த தன் மேஜை மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு இவன் காயில் கட்டுகிற கடைக்கு வந்தாள். புயல் மாதிரி இரைகிறது என்று அறைத் தோழி திட்டுகிறாளாம். வெள்ளியங்கிரி தன் வித்தையையெல்லாம் காட்டினான், புதுக் காயில், புது பேரிங், இறக்கையைச் சமன் செய்து, ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்குப் பட்டு மாதிரி ஆக்கிக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தாள், கண்ணுக்குக் கீழே கறுப்பு. "சத்தம் போயிட்டு. தூக்கம் வரமாட்டேங்கு. பழைய சத்தத்த வச்சுக் குடுங்க," என்றாள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவனிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எதற்கு என்றான். "எங்க வீடு கடலுக்குப் பக்கத்துல. எரைச்சல் இல்லன்னா எனக்குப் படுத்த மாதிரியே இருக்காது," என்றாள். அவன் பழைய பேரிங்கைக் குப்பையிலிருந்து தேடி எடுத்து மாட்டினான். அது அதே இரைச்சலைப் போட்டது. அவள் முகத்தைப் பார்த்தான். அங்கேயே முடிந்தது அவன் கதை. அந்த மின்விசிறி இன்றைக்கும் படுக்கையறையில் இரைகிறது, அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவனுக்கும் இப்போது தூக்கம் வருகிறது. ஆக, கடல் இல்லாத ஊரில் எம் மவ என்ன செய்வா என்ற கேள்விக்குப் பதில் அவன் எப்போதோ மாட்டிக் கொடுத்துவிட்டான். அதை எப்படி மாமனாரிடம் சொல்வது? வாங்க மாமா, எங்க படுக்கையறையில ஒரு ஃபேன் இருக்குதுங்க. சீ.

ஃபேனைச் சொல்ல முடியாததால்தான் மீன். அந்த மீனும் இல்லை. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு காலில் முள் குத்தினாற்போல் நொண்டியது. தொட்டி வாங்கிய அன்றைக்கே இரண்டு மீனைத் தேர்வு செய்து வைத்துவிட்டு வந்தான், ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி, நேற்று வாங்கப்போன இடத்தில் கடைக்காரர், எப்போது தண்ணீர் விட்டீர்கள் என்று கேட்டார். இன்னும் விடவில்லை, நாளைக்கு விடுவேன், மீனையும் நாளைக்கே விடுவேன் என்றான். அவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். "சார், அது தண்ணி இல்ல சார், வெறும் உப்புக் கரைசல். பாறையில ஊறி, கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் உண்டாகி, தண்ணி பழகணும். ஒரு மாசம் ஆகும். இப்ப விட்டீங்கன்னா மத்தியானத்துக்குள்ள மெதந்திரும்." ஒரு மாசமா? கிணற்றில் தண்ணீர் ஊறினால் மறுநாளே தவளை வந்துவிடுகிறது, இதற்கு ஒரு மாசமா? கெஞ்சிப் பார்த்தான். ஒரு நாளைக்கு மட்டும், வாடகைக்கு மாதிரி, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்றுகூடக் கேட்டான். கல்யாண வீட்டு வாழைமரமா சார் இது என்றார் கடைக்காரர். ஆகவே மாமனாருக்குக் காட்டப்போவது மீன் இல்லாத தொட்டி, தெரியாத பாறை, பழகாத தண்ணீர். அது மட்டுமா? கரண்ட். அந்தப் பயம் வேறு. மற்றவர்களுக்கு மீன்தொட்டி அழகு, காயில் கட்டுகிறவனுக்கு அது உப்புத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிற இரண்டு ஒயர். உப்புத் தண்ணீர் மாதிரி கரண்டைக் கடத்துகிற தண்ணீர் வேறொன்று கிடையாது. எங்காவது ஒரு மயிரிழை ஒழுக்கு இருந்து, அவர் சும்மா ஒரு விரலை உள்ளே விட்டு, நாலு வருஷம் பேசாத மாமனாரை முதல் வருகையிலேயே மருமகன் ஷாக் அடித்துப் போட்டான் என்று இரண்டு மாவட்டத்துக்கும் செய்தி போனால்? டெஸ்டரை வைத்துப் பார்த்தான். எரியவில்லை. எர்த் ஒயரைத் திரும்ப முறுக்கினான். டெஸ்டரே கெட்டிருந்தால்? மிக்சி சுவிட்சில் வைத்துப் பார்த்தான், எரிந்தது. ஓடிவந்து தொட்டியில் வைத்தான், எரியவில்லை. சரி. என்ன ஆனாலும் பிளக்கைப் பிடுங்காமல் யாரும் கை விடக் கூடாது. மனசுக்குள் எழுதி ஒட்டிக்கொண்டான்.

"குளிச்சுப்போட்டு வாடா. மாமனார் வர்ற நேரத்துக்கு உப்புச் சாக்கு மாதிரி நிக்காத," என்று அம்மா விரட்டினாள். குளிக்கப் போனான். தலையில் ஊற்றிய உப்புத் தண்ணீர் உதட்டில் வழிந்தது, அதையும் நக்கிப் பார்த்தான். கோடு வரை முங்காது, ஆனாலும் பரவாயில்லை என்று தோன்றியது. எதிர்வீட்டுப் பையன்கள் ஈரத் தலையோடு கூச்சல் போட்டுக்கொண்டு போவது குளியலறை ஜன்னலில் கேட்டது, வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், விட்டதிலிருந்து அந்த வீட்டில் ஒரு துண்டு காய்வதில்லை. வாய்க்கால். மறுபடியும் அதே இடம். சோப்பு நுரைக்கவில்லை. அவர் அதை மறந்திருப்பார், எத்தனையோ பேச்சு பேசியிருப்பார், எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார், ஒரு பயல் உளறினதையா ஞாபகம் வைத்திருப்பார் என்று தேற்றிக்கொண்டான். தேற்றத் தேற்ற, கரையில் உட்கார்ந்து பத்துப் பேர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற காட்சி தெளிவாகத் தெரிந்தது. தொட்டி இவ்வளவு தெளிவாக இருந்தால் நன்றாக இருக்கும். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

பாலுக்கு நடுவில் ஓர் எலுமிச்சம்பழம் மிதந்தது. நல்ல மஞ்சள், உருண்டை, மேலே ஒரு பொட்டுக் குங்குமம். அலை மோட்டார் தள்ளத் தள்ள அது தொட்டியைச் சுற்றி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. "அம்மா!" என்றான். "என்னடா?" "இது என்னம்மா?" "எலுமிச்சம்பழம்." "அது தெரியுது. யாரு போட்டது?" "வேற யாரு போடுவா? கடைக்குக் கடை கண்ணாடி டம்ளர்ல தண்ணி வச்சு எலுமிச்சம்பழம் போடறாங்கல்ல? உன்ற கடையிலயே மேஜைமேல இருக்குதே. இத்தாம் பெரிய கண்ணாடியில வெறும் தண்ணியா வச்சிருக்கற. நாலு வருசம் கழிச்சு மனுசன் வர்றாரு, ஒரு கண்ணு பட்டுதுன்னா?" இதற்கு எந்தக் கடைக்காரரும் பதில் எழுதி வைக்கவில்லை. தண்ணீருக்கு எலுமிச்சை ஆகுமா ஆகாதா, குங்குமம் ஆகுமா ஆகாதா, கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் இப்போதே புளித்துச் செத்திருக்குமா, வெள்ளியங்கிரிக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை விட்டான். பழம் நழுவியது. தோள்வரை விட்டான், புதுச் சட்டை நனைந்தது, பழம் பாலுக்குள் முங்கி எதிர்மூலையில் எழுந்தது. டீ வடிகட்டியை எடுத்து வந்து வலை வீசினான், வடிகட்டி நிறையக் கடல் வந்தது, பழம் வரவில்லை. வாசலில் கார் நின்றதும், கதவு இரண்டு தடவை அறைந்ததும், செருப்புக் கழற்றுகிற சத்தமும் அவன் காதில் விழத்தான் விழுந்தன. ஆனால் பழம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. நாலு வருஷமாக ஒத்திகை பார்த்த 'வாங்க மாமா'வைச் சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரு கை தொட்டிக்குள் அக்குள் வரை, மறுகையில் வடிகட்டி.

கஸ்பார் வாசலில் நின்று பார்த்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் பத்திரிகைப் பை. கண் அதே சிவப்பு. பையை மகளிடம் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தார். மருமகனைப் பார்க்கவில்லை, பாலைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். "என்னட்டி இது?" என்றார் மகளிடம். "கடலுப்பா," என்றாள் செலின். சிரிப்பை அடக்கியதில் அவள் குரல் கீச்சென்று வந்தது. அவர் சட்டைக் கையை மடக்கினார். அவசரமே இல்லாமல், தனக்குத் தெரிந்த இடத்துக்குள் இறக்குவது போல, கையை உள்ளே இறக்கினார். பழத்தின் அவசரத்தில் தானும் பிளக்கைப் பிடுங்காமலே கை விட்டிருந்தது அப்போதுதான் வெள்ளியங்கிரிக்கு உடம்பெல்லாம் உறைத்தது. "கைய எடுங்க!" என்று கத்தினான். வீடே அதிர்ந்தது. "கரண்ட்டு இருக்குது! எடுங்க கைய!" பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான், பிடுங்கின வேகத்தில் ஸ்டாண்டில் இடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அலை நின்றது. சளசளப்பு நின்றது. நாலு வருஷத்துக்குப் பிறகு மாமனாரிடம் பேசிய முதல் பேச்சு, கைய எடுங்க. வாய்க்காலே தேவலையே என்று நினைத்தான். கஸ்பார் கையை எடுத்தார், மெதுவாகத்தான் எடுத்தார், உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் இருந்தது. அதைத் திருப்பிக் குங்குமத்தைப் பார்த்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, ஈர விரலை நாக்கில் வைத்தார். புருவம் ஏறியது. "உப்பு கரிக்கே," என்றார். "நெசமாவே கடத்தண்ணியா?"

"இல்லீங்க சம்பந்தி," என்று அம்மா முந்திக்கொண்டாள், கரண்டியோடு. "நல்ல தண்ணியக் கேன் கேனா காசு குடுத்து வாங்கி, அதுல உப்பக் கொட்டிக் கலக்குனானுங்க என்ற பையன். போர்ல உப்புத் தண்ணி சும்மாவே வருதுங்க. கேட்டாத்தானுங்க?" கஸ்பார் முதலில் மீசைக்குள் சிரித்தார், அப்புறம் மார்பு குலுங்கியது, அப்புறம் அந்தச் சிவந்த கண்ணில் தண்ணீர் வர, செலின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க ஊர்ல குடிக்க நல்ல தண்ணிக்கு அல்லாடுதோம். இங்கன நல்ல தண்ணியில உப்பப் போடுதாவளா?" செலினும் சிரித்தாள், அவளுக்கு அப்படிச் சிரிக்கிற அப்பாவைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்றோ, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். தரையில் உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரிக்கு எழுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கஸ்பார் குனிந்து கையை நீட்டினார். ஈரமான, சொரசொரப்பான கை. பிடித்து எழுந்தான். "மீன எங்க?" என்று கேட்டார். அவனைப் பார்த்தே கேட்டார். மீன் இல்லீங்க மாமா என்றான். இப்ப விட்டாச் செத்துப்போகுமாம், தண்ணி பழகோணுமாம், ஒரு மாசம் ஆகுமாம், நீங்க வர்றதுக்குள்ள விட்டுறலாம்னு பார்த்தேன், கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டாங்க, மணலை அலசவும் இல்லீங்க, தட்டும் வைக்கல, அதுதான் இப்படிக் கலங்கி... வாய் அது பாட்டுக்கு ஓடியது. நிறுத்த நினைத்தான், முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தான். கஸ்பார் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தார், சதை பிடித்துப் பளபளவென்று நிற்கிற மகளைப் பார்த்தார்.

மோட்டார் நின்ற வீட்டில் இப்போது வேறொரு இரைச்சல் கேட்டது. காலையில் நிறுத்த மறந்த படுக்கையறை மின்விசிறி. கஸ்பார் தலையைச் சாய்த்தார். "அது என்ன சத்தம்?" செலின் வாயைத் திறப்பதற்குள் வெள்ளியங்கிரி, "ஃபேனுங்க மாமா. செலினுக்கு எரைச்சல் இல்லீன்னா தூக்கம் வராதுங்க. அதுக்குன்னே வச்சிருக்கறேன்," என்றான். சொன்னபிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது.  கிழவர் அந்தக் கதவுப் பக்கம் திரும்பி நின்று இரைச்சலைக் கேட்டார்.

அம்மா டீயைக் கொண்டுவந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் தர மாட்டேன் என்றவள், சம்பந்தி சிரித்த சிரிப்பில் இளகி, பெரிய டம்ளரில் விளிம்பு வரை கொண்டுவந்து நீட்டினாள். வெள்ளியங்கிரிக்குத் திக்கென்றது, இந்த டீயைத்தான் போன வாரத்திலிருந்து அவன் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். கஸ்பார் வாங்கி, ஒரு வாய்கூட வைக்காமல், தொட்டி ஸ்டாண்டின் ஓரத்தில் வைத்தார். "இது எப்பத் தெளியும்?" என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்டார். நாளைக் காலையில தெளிஞ்சிருமுங்க என்றான். "எப்பா, சாயங்கால வண்டி," என்றாள் செலின் மெதுவாக. "வண்டி தெனமுந்தான் ஓடுது. தெளியாம உள்ள என்ன கெடக்குன்னு எப்படிப் பாக்க?" என்றவர், "மீன விடும்போது சொல்லுங்க, கல்யாணச் சோலி முடிஞ்சிரும், வாரேன்," என்று தொட்டியிடம் சொல்வது மாதிரி சொன்னார். பழத்தை வேட்டி நுனியில் துடைத்து, யாருக்கும் வேண்டாம் என்கிற மாதிரி தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மீசையைத் தடவினார்.

"ஏன் மாப்பிள," என்றார். "அன்னைக்கு ஒரு வாய்க்கா சொன்னியளே, அது எங்கன இருக்கு? சாப்பிட்டுட்டு ஒரு எட்டு போயிப் பாத்துருவோம். இது தண்ணி வார நாளா, வராத நாளா?"

வெள்ளியங்கிரிக்குக் காது சூடானது. இந்தத் தடவை அது நன்றாக இருந்தது.

"வருதுங்க மாமா," என்றான். "ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு வருதுங்க."